எல்லைத் தகராறும் மூன்றாவது பூனையும்

திருப்பதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்கள் பூனைகளைப் பற்றியவை. நான்காம் பக்கம் மாமியாரைப் பற்றியது. நான்காம் பக்கத்துக்கு விடை கூறும் தகுதி எனக்கு இல்லை. முதல் மூன்று பக்கங்களுக்கு மட்டும், சித்தூரில் என் வீட்டில் பட்ட அனுபவத்தைக் கொண்டும், கால்நடை மருத்துவம் கற்றவர்களிடம் கேட்டறிந்ததைக் கொண்டும் சிறிது எழுதத் துணிகிறேன். ரெயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுபவனுக்குப் பூனை சாஸ்திரம் எதற்கு என்று அன்பர்கள் சிரிக்கலாம். ஜப்பான் நாட்டில் கிஷி என்னும் சிறு ரெயில் நிலையத்தில், 2007ஆம் ஆண்டு ஜனவரியில், தாமா என்ற பெண் பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்தார்கள். தொப்பி அணிந்து, 2015 ஜூனில் இறக்கும்வரை அது பதவியில் இருந்தது. ஆகவே எங்கள் இலாகாவுக்கும் பூனைக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சகோதரியின் வழக்கு இது. வீட்டில் இரண்டு பெட்டைப் பூனைகள். மூத்ததற்கு ஐந்து வயது. முன்பே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இளையது, சென்ற ஆண்டு பையன் மார்க்கெட்டிலிருந்து சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டி. ஓராண்டுக் காலம் இரண்டும் ஒரே கோணிப்பையில் சுருண்டு உறங்கின. புரட்டாசி மாதம் இளையதையும் அறுவைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பினார்கள். அன்று முதல் யுத்தம். மூத்தது சீறுகிறது, இளையது பீரோவின் கீழிருந்து வெளிவர மறுக்கிறது, மூத்தது பூஜை அறை வாயிலில் சிறுநீர் கழித்துவிட்டது. போதாததற்கு, காது கிழிந்த ஒரு கடுவன் பூனை நாள்தோறும் அந்தி வேளையில் கொல்லைச் சுவரில் வந்து அமர்ந்து ஜன்னல் வழியே உள்ளே பார்க்கிறது. பையன் அதற்கும் சோறு வைக்கிறான். தை மாதம் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். இரண்டையும் சாக்கில் கட்டிச் சுவர்ணமுகி ஆற்றுக்கு அப்பால் விட்டுவர வேண்டும் என்பது மாமியாரின் தீர்ப்பு. மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பையனின் தீர்ப்பு. நடுவில் நின்று சகோதரி என்னைக் கேட்கிறார்.

முதலில் சாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நம் பக்கத்துப் பழைய வழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது, என் பாட்டனார் பால் திருடிய பூனை ஒன்றைச் சாக்கில் கட்டிப் பாலாற்றுக்கு அக்கரையில் விட்டுவந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் அது அடுப்பங்கரையில் படுத்திருந்தது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த ஆண்டு கொண்டுபோய் விட்ட பழுப்புப் பூனையின் கதையை ஒருவரும் சொல்வதில்லை. அது திரும்பி வரவில்லை. பாட்டியார் ஒரு மாதம் வரையில் பின்கட்டில் ஒரு கிண்ணத்தில் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

இன்று இது வெறும் வழக்கம் மட்டும் அன்று, குற்றமும் ஆகும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. நாட்டியத்துக்குப் புகழ்பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் விடாது வாதாடியதன் பயனாக வந்த சட்டம் அது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. மாமியாரிடம் சட்டம் பேசினால் நான்காம் பக்கம் ஐந்தாம் பக்கம் ஆகிவிடும். சட்டத்தை விட்டுவிட்டுப் பயன் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்: சுவரில் கடுவன் இருக்கும்வரை, இவ்விரண்டையும் விரட்டினாலும் காலியான இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும்.

இனிச் சண்டையின் காரணத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தார்க்கு எல்லைத் தகராறு புதிதன்று. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கம் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. இத்தனைக்கும் கமிஷன், மனு, கிளர்ச்சி எல்லாம் வேண்டியிருந்தன. பூனைகள் இதே காரியத்தைக் கன்னத்தால் செய்கின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கணுக்காலிலும் பூனை கன்னத்தைத் தேய்ப்பதை அன்பு என்று நாம் நினைக்கிறோம். அன்பும் உண்டு; ஆனால் கன்னத்துச் சுரப்பிகளிலிருந்து தன் வாசனையைப் பூசி, இவ்விடம் நமது என்று பதிவு செய்வதும் அதுவே. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி ஒரு பொது வாசனையை உண்டாக்கிக் கொள்கின்றன. அந்த வாசனைதான் அவற்றின் குடும்ப அட்டை.

மருத்துவமனைக்குப் போன இளைய பூனை அந்த அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பியது. மருந்து, ஸ்பிரிட், மயக்க மருந்து, பிற பிராணிகளின் பயம் ஆகிய எல்லா நாற்றமும் அதன் மேல். மூத்ததன் கண்ணுக்கு அது பழைய தங்கை, மூக்குக்கோ அந்நியன். பூனை மூக்கைத்தான் நம்பும். இதில் மூத்ததன் பொறாமையும் இல்லை. இளையதன் குற்றமும் இல்லை.

பூனை இயல்பில் கூட்டமாக வாழும் பிராணி அன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நாயின் முன்னோர் கூட்டமாக வேட்டையாடிய ஓநாய்கள். வீட்டுப் பூனையின் முன்னோரோ தனித்துத் திரிந்து எலி பிடித்த காட்டுப் பூனைகள். ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பகுதிக் காட்டுப் பூனையின் வழி வந்தவை இவை என்பது 2007இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. சைப்பிரஸ் தீவில் ஒரு மனிதனின் புதைகுழிக்கு அருகே, ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட பூனை ஒன்றின் எலும்புகளைக் கண்டதாக 2004இல் அறிவித்தார்கள். தானியக் குதிருக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. நாம் அதை இருக்க விட்டோம். இத்தனை ஆயிரம் ஆண்டு நம்மோடு வாழ்ந்தும், வேறொரு பூனையைக் கட்டாயம் நேசிக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அது கையெழுத்திடவில்லை. ஆகவே இரண்டும் மறுபடி ஒரே கோணிப்பையில் உறங்க வேண்டும் என்று சகோதரி எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று கூடத்தில், ஒன்று பரணில், இடையே சீற்றம் இல்லை என்றால் அதுவே சமாதானம்.

இரண்டாவது காரணம் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் என் வீட்டில் கற்றேன்; தவறு செய்து கற்றேன்.

எங்களிடம் பட்டு, கறுப்பி என்று இரண்டு பூனைகள். ஒரு மழைக்கால முன்னிரவில் பட்டு திடீரெனக் கறுப்பியின் மேல் பாய்ந்தது. பிறகு நாள்தோறும் ஏழு மணி அளவில் சண்டை. கறுப்பி கறுப்பாக இருந்ததாலோ, பின்னால் வந்தவள் ஆனதாலோ, குற்றவாளி அவளே என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒரு மாதம் வரையில் மாலையானதும் அவளைக் குளியலறையில் அடைத்தோம். அப்போது என் தாயார் வந்து ஒரு வாரம் தங்கினார். ஓயாத மழை, ஈரப் புடவையைப் பின்கட்டு ஜன்னலுக்கு நேரே கொடி கட்டி உலர்த்தினார். அவ்வாரம் கறுப்பியை அடைக்க மறந்தோம்; ஆயினும் சண்டை இல்லை. தாயார் ஊருக்குப் புறப்பட்டார், புடவையும் போயிற்று, அன்று மாலையே மீண்டும் உருண்டு புரண்டன. அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றியது. சுவரில் மஞ்சள் நிறக் கடுவன் ஒன்று, வரி வசூலிக்க வந்தவன்போல், அமர்ந்திருந்தது.

வெளியே நிற்கும் பகைவனை எட்ட முடியாத பூனை, பக்கத்தில் இருப்பதன் மேல் அக்கோபத்தைக் காட்டுகிறது. ஆபீஸில் அதிகாரியிடம் பட்டதை வீட்டில் காட்டுகிற மனிதனைப் பார்த்திராதவர் உண்டோ? ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பழைய காலண்டர் அட்டையால் மறைத்தேன். பத்து நாளில் சண்டை அடங்கிற்று. கறுப்பி மட்டும் எங்களை மன்னிக்கவில்லை. நான் குளியலறைக் கதவைத் தொட்டால் இன்றும் பரணுக்குத்தான் ஓடுவாள்.

சகோதரி செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இன்றே அந்த ஜன்னலை மறையுங்கள். பையன் கடுவனுக்குச் சோறு வைக்கும் இடத்தைக் கொல்லையிலிருந்து, உள்ளிருந்து பார்க்க முடியாத வேறொரு மூலைக்கு மாற்றுங்கள். பிறகு இரண்டு பூனைகளையும் தனித்தனி அறையில் வையுங்கள். சிறைவாசமாக அன்று, ஒவ்வொன்றுக்கும் சோறு, தண்ணீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி எல்லாம் உள்ளே இருக்கட்டும். பழைய துண்டு ஒன்றால் ஒன்றின் கன்னத்தைத் துடைத்து, அத்துண்டை மற்றதன் சோற்றுத் தட்டின் அருகே இடுங்கள். படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். நான்கைந்து நாள் சென்றபின், மூடிய கதவின் இரு புறமும் தட்டுகளை வைத்து ஒரே நேரத்தில் உணவிடுங்கள். முதலில் கதவிலிருந்து தள்ளி. பிறகு நாளுக்குச் சிறிது நெருக்கமாக. சீறாமல் உண்ணத் தொடங்கினால் கதவைக் கையளவு திறக்கலாம். சீறினால் ஒரு படி பின்வாங்குங்கள். இரண்டு வாரத்தில் முடியலாம். இரண்டு மாதமும் ஆகலாம். "சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரே அறையில் விடுவது கூடவே கூடாது. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கு ஒத்திகை ஆகும்.

மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மூலையில் அடுக்கக்கூடாது. ஒரு பூனை வழிமறித்தால் மற்றது போவதற்கு வேறு வழி வேண்டும். பூஜை அறை வாயிலில் நடந்த அபசாரத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் அடிக்கடி முக்கிச் சிறுநீர் துளித்துளியாகப் போனாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, அது கோபம் அன்று, நோய். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திருப்பதிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேயே இருக்கிறது; 2005 முதல் ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடைப் பல்கலைக் கழகமும் அங்கேயே.

உணவைப் பற்றி ஒரு சொல். திருப்பதியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பூனைக்குத் தயிர்சாதமே கிடைக்கிறது. பூனை மாமிச பட்சிணி. டாரின் என்னும் ஒரு சத்து மாமிசத்திலும் மீனிலுமே அதற்குக் கிடைக்கிறது. அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. சைவ வீட்டுப் பூனை இரவில் எலி பிடித்து நம் ஆசாரத்தைக் காப்பாற்றி வருகிறது. வெளியே விடாமல் அறையில் வைத்துப் பழக்கும் நாட்களிலோ அந்த வழியும் அடைபட்டுவிடும். கடையில் விற்கும் பூனை உணவையாவது அந்நாட்களில் வாங்கியாக வேண்டும்.

சண்டையின் நடுவே கையை விடாதீர்கள். தலையணையை இடையில் தள்ளுங்கள், அல்லது ஒரு தட்டைக் கீழே போட்டு ஓசை எழுப்புங்கள். நான் கையை விட்டேன். மணிக்கட்டில் நான்கு பற்கள் இறங்கின. தாயார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார், அம்மையாரின் அன்பை மறுப்பது எளிதன்று, ஆயினும் மறுத்தேன். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. வெளியே திரியும் பூனையின் கடியாலும் வரும். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கட்டுப் போடாமல், எதுவும் பூசாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் எனக்கு மீண்டும் ஊசிகள் போட்டார்கள். 28ஆம் நாள் ஊசியைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். குழந்தைகள் பயத்தால் கீறலை மறைப்பார்கள். ஆகவே பையனிடம், சொன்னால் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது கர்ப்பிணிப் பெண். இதில் மாமியாரின் அச்சம் முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வரலாம். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் சிசுவுக்குத் தீங்கு. ஆனால் மலத்தில் வெளிப்படும் அந்நுண்ணுயிர் தொற்றும் தன்மை பெறக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி அபாயம் நீங்குகிறது. அதைக் கர்ப்பிணி செய்யக்கூடாது. வீட்டு ஆண்மக்கள் செய்யட்டும். நன்றாக வேகாத இறைச்சியாலும், கழுவாத காய்கறியாலும், தோட்டத்து மண்ணாலும் இந்நோய் வருவதையும் மறக்கவேண்டாம். பெண்ணை அவளுடைய டாக்டரிடம் இதை நேரே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பூனையைத் தொடுவதாலோ, அது மடியில் படுப்பதாலோ அஞ்சவேண்டியதில்லை. குழந்தை பிறந்தபின் தொட்டில் உள்ள அறைக்குப் பூனை போகாதபடி இப்போதே கதவைச் சாத்திப் பழக்குங்கள். குழந்தை வந்த அன்று சாத்தினால், பூனை அதற்கும் ஒரு பழி வைத்துக்கொள்ளும்.

இனி மூன்றாவது பூனை. பையனின் கட்சியில் எனக்கு அனுதாபம் உண்டு. தமிழகத்திலிருந்து மூட்டையோடு வந்து இங்கே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் முதல் இரவைக் கழித்தவர்கள் நம்மில் பலர். நான் சித்தூர் வந்த புதிதில், அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் கதவைத் தட்டி, உங்கள் வீட்டுக்குள் "பில்லி" புகுந்துவிட்டது என்றார். என் மனைவி சூனியம் என்று பயந்து விபூதியைத் தேடினாள். அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, மீன் சட்டியருகே இருந்த பூனையைக் காட்டினார். அந்நாள் முதல் அவர் எங்களுக்கு அக்கா. அந்தப் பூனைதான் பட்டு.

ஆயினும் இப்போது அக்கடுவனை வீட்டுக்குள் சேர்ப்பது தகாது என்பதே என் கருத்து. இரண்டு பூனைகளின் சமாதானம் முடியவில்லை. இரண்டு மாதத்தில் பிரசவம். வெளியில் திரிந்த பூனை, பூனைகளுக்கு வரும் கொடிய வாந்தி கழிச்சல் நோயைக் கொண்டுவரக்கூடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. புதியதைச் சேர்ப்பதாயின் தடுப்பூசி போட்டுக் குறைந்தது இரண்டு வாரமாவது தனியறையில் வைத்த பிறகே சேர்க்கலாம். அவ்வறையைத் தை மாதத்தில் எங்கே தேடுவது?

சேர்க்கலாகாது என்றால் விரட்டுவது என்று பொருள் அன்று. முதலில் தெருவில் விசாரியுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் விசாரியுங்கள். இரண்டு தெரு தள்ளி யாரோ தம் பூனையைத் தேடிக்கொண்டிருக்கலாம். சொந்தக்காரர் இல்லையென்றால், அதைக் கூண்டில் பழக்கிப் பிடித்துக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்து, அதே தெருவில் விடுங்கள். பெட்டைப் பூனை ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும். ஓர் ஆண்டில் இரண்டு மூன்று ஈற்று. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குட்டி. இந்தக் கணக்கைப் பையனைப் போடச் சொல்லுங்கள், அவனுக்கே விளங்கும். அறுவை செய்த கடுவன் சிறிது காலத்தில் ஊர் சுற்றுவதையும், சண்டையையும், சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதையும் பெரிதும் குறைத்துக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு. உண்டு முடிந்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பெருச்சாளி விருந்தாளி ஆகும், வீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

பிடிக்கும்போது பிடரியைப் பற்றித் தூக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். திருப்பதியில் வைணவப் பெரியோர் மார்ஜார நியாயம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதை வடகலையார் காட்டுவர். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதைத் தென்கலையார் காட்டுவர். குட்டியைத் தாய் கவ்வினால் அது துவண்டு அடங்கிக் கிடப்பது உண்மை. வளர்ந்த கடுவனிடம் அந்த நியாயம் செல்லாது. அதற்குக் கூண்டுதான் நியாயம்.

எங்கள் மஞ்சள் கடுவனுக்கு இப்படியே செய்தோம். பிடிப்பதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. கருவாட்டுச் செலவு தனி. நான்கு ஆண்டாக அது வாசல் திண்ணையின் கீழ் வாழ்கிறது. ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை, அழைத்ததும் இல்லை. இப்போது ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டோம். மாலையில் பட்டு உள்ளேயும் அது வெளியேயும் உட்கார்ந்து, ஒன்றையொன்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சகோதரி ஒன்று செய்யவேண்டும். பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆகும்வரை அக்கடுவனுக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். முன்பே வைத்துவிட்டான் என்றால், அந்தப் பெயரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.